பெங்களூர் ஓசூர் ரோடு: மேலே ஏறுவதா, கீழே போவதா? கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து போகிறவர்களுக்கான வழி விவரம்

அணைக்கரை_635001

வணக்கம் மக்களே. நம்ம ரெண்டு மாவட்டத்திலிருந்தும் பெங்களூர் போகிறவர்களுக்கு ஓசூர் ரோடுதான் வாசப்படி. ஆனா "ஓசூர் தாண்டி நேரா போங்க, சில்க் போர்டு சந்திப்பு வரும்"ங்கிறதைத் தவிர யாரும் தெளிவா வழி சொல்றதில்லை. நிம்ஹான்ஸ், கித்வாய் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளியைக் கூட்டிப் போறவங்க, சிங்கேன அக்ரஹாராவுக்கு மாங்காய் ஏத்துறவங்க, ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளிக்கு வேலைக்குப் போறவங்க, எல்லாருக்கும் வழி வேற வேற. அத்திப்பள்ளியிலிருந்து ஊருக்குள்ள நுழையுற வரைக்கும் எந்த இடத்தில் எந்தப் பக்கம் நிக்கணும், எங்க தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. டாக்ஸி எடுக்கிறவங்களுக்கும் உதவும்.

---

நெடுஞ்சாலை_44

நல்ல கேள்வி. முதல்ல ரோட்டோட அமைப்பைச் சொல்லிடறேன். அது புரிஞ்சா பாதி குழப்பம் தீரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் வரைக்கும் ஓடுற ரோட்டுக்கு ரெண்டு எண் உண்டு. சேலம், தர்மபுரி பக்கமிருந்து வர்றது 44. வேலூர், வாணியம்பாடி, பர்கூர் வழியா சென்னையிலிருந்து வர்றது 48. ரெண்டும் கிருஷ்ணகிரியில் சேர்ந்து ஒரே ரோடாப் போகுது. 2010-ல் எண் மாத்துறதுக்கு முன்னாடி சேலம் ரோடு 7, வாணியம்பாடி ரோடு 46. பழைய லாரிக்காரங்க இன்னும் "ஏழாம் நம்பர் ரோடு"ன்னுதான் சொல்வாங்க. சென்னைப் போக்குவரத்தும் சேலம் போக்குவரத்தும் ஒரே வாய்க்காலில் விழுறதால கிருஷ்ணகிரி டோல்கேட்டிலிருந்தே வண்டி அதிகம். ஊருக்குள்ள நெருக்குறதுக்கு முதல் காரணம் இதுதான்.

கிருஷ்ணகிரி – ஓசூர் சுமார் 50 கி.மீ. குருபரப்பள்ளி, சூளகிரி, பேரண்டப்பள்ளி, ஓசூர். அதுக்கப்புறம் ஜூஜூவாடியில் மாநில எல்லை. கர்நாடகத்துக்குள்ள வரிசை இது: அத்திப்பள்ளி, நெரலூரு, சந்தாபுரா, பொம்மசந்திரா, ஹெப்பகோடி, ஹுஸ்கூர் கேட், எலக்ட்ரானிக் சிட்டி. இந்த இடம் வரைக்கும் ரோடு ஒரே மாடிதான். எலக்ட்ரானிக் சிட்டியில்தான் ரோடு ரெண்டு மாடி ஆகுது.

மேல்மாடி, 2010 ஜனவரியில் திறந்த உயர்மட்டச் சாலை. நீளம் கிட்டத்தட்ட 10 கி.மீ. போக 2 தடம், வர 2 தடம். தனிக் கட்டணம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஏறினா பொம்மனஹள்ளி பக்கம்தான் இறக்கம். நடுவில் இறங்க வழியே கிடையாது. இதை நல்லா மனசில் வெச்சுக்கணும். ஹொச ரோடு, சிங்கசந்திரா, கூட்லு கேட் எதுக்குப் போறதா இருந்தாலும் மேலே ஏறக் கூடாது. ஏறிட்டா பொம்மனஹள்ளி வரைக்கும் போய் இறங்கி, திரும்பி, அதே ரோட்டில் எதிர்த்திசையில் வரணும்.

கீழ்மாடி, பழைய ஓசூர் ரோடு. சிக்னல், யு-டர்ன், பஸ் ஸ்டாப், மெட்ரோ ஸ்டேஷன் எல்லாம் கீழதான்.

அதனால எங்க இறங்கப் போறோம்னு தெரிஞ்ச பிறகுதான் எங்க ஏறணும்னு முடிவு பண்ணணும். அந்த முடிவை ஹெப்பகோடி தாண்டும்போதே எடுத்திருக்கணும். டோல் பலகை கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு இடப்பக்கம் வெட்டுறவங்களாலதான் அந்த வாயில் உரசல் நடக்குது.

---

பழையபேட்டை_டிரைவர்

அண்ணன் சொன்னது சரி. மேலே ஏறினா இறங்குற இடத்தைப் பத்தியும் சொல்லணும். அங்கதான் புதுசா போறவங்க மாட்டிக்கிறாங்க.

உயர்மட்டச் சாலை இறங்கி முடியறது பொம்மனஹள்ளியை ஒட்டின ரூபேன அக்ரஹாரா பக்கம். அங்கிருந்து சில்க் போர்டு கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ள மூணு முடிவு எடுக்கணும்.

மடிவாளா, கோரமங்களா, டெய்ரி சர்க்கிள், சாந்திநகர் போறதா இருந்தா சில்க் போர்டு மேம்பாலம் மேலேயே நேரா போயிடணும்.

பி.டி.எம். லேஅவுட், ஜெயதேவா, பனசங்கரி போறதா இருந்தா மேம்பாலம் ஏறாம கீழ வந்து இடப்பக்கம். வெளிவட்டச் சாலையோட மேற்குக் கை அது.

எச்.எஸ்.ஆர்., அகரா, பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம் போறதா இருந்தா அதே கீழ வந்து வலப்பக்கம். வெளிவட்டச் சாலையோட கிழக்குக் கை.

மேலே இருந்து இறங்குற வண்டியில் பாதி இடது ஓரத்துக்கு வரப் பார்க்கும். கீழ் ரோட்டிலிருந்து வர்ற வண்டியில் பாதி மேம்பாலத்துக்கு ஏற வலது பக்கம் நகரும். ஜடை பின்னுற மாதிரி ரெண்டும் குறுக்கும் நெடுக்குமா வெட்டிக்குது. சில்க் போர்டு நெரிசலுக்கு எல்லாரும் சிக்னலைத்தான் குறை சொல்வாங்க. சிக்னல் ஒரு காரணம்தான். இந்தப் பின்னல்தான் பெரிய காரணம். நடு இறக்கத்திலேயே இண்டிகேட்டர் போட்டு ஓரம் மாறி வெச்சுட்டா நிம்மதி. கீழ இறங்கி மாறிக்கலாம்னு விட்டா பஸ் இடைவெளி தராது.

மேம்பாலத்தில் தெரியாம ஏறிட்டா நடுவுல நின்னு யோசிக்க வேண்டாம், பின்வாங்கவே வேண்டாம். மடிவாளா வரைக்கும் போய்த் திரும்பி வாங்க.

---

பர்கூர்_வாசகி

அண்ணா, மாரத்தஹள்ளி போறவங்க சில்க் போர்டு வரைக்கும் போய்த்தான் ஆகணுமா? காலையில் அந்த வலப்பக்கத் திருப்பம் நகரவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்க.

---

நெடுஞ்சாலை_44

வேண்டியதில்லைங்க. இதுக்கு மூணு மாற்று இருக்கு. போற இடத்தைப் பொறுத்து வெச்சுக்கலாம்.

பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோட்டோட நகரப் பகுதின்னா, மேலே ஏறாம கீழ் ரோட்டிலேயே வந்து கூட்லு கேட்டில் வலப்பக்கம் திரும்பி ஹரலூர் ரோடு பிடிக்கலாம். ரோடு குறுகல், ஆனா சில்க் போர்டைத் தொடாது.

வர்த்தூர், ஒயிட்ஃபீல்டுன்னா ஊருக்குள்ளயே நுழைய வேண்டாம். அத்திப்பள்ளியில் வலப்பக்கம் திரும்பி சர்ஜாபூர், தொம்மசந்திரா, வர்த்தூர்னு போயிடலாம். சந்தாபுராவிலிருந்தும் தொம்மசந்திராவுக்கு ஒரு ரோடு உண்டு. லாரிகள் அதிகம், ஓவர்டேக் பண்ண இடம் கம்மி. இருந்தாலும் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருவோம்னு ஓரளவு கணக்குப் போட முடியும். சில்க் போர்டு வழியில் அந்தக் கணக்கே போட முடியாது.

விமான நிலையம்னா ஓசூரிலேயே பிரிஞ்சு பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே, தேவனஹள்ளி. ஹொஸ்கோட்டேயிலிருந்து தேவனஹள்ளிக்கு வெளி வட்டமா புது நெடுஞ்சாலை இருக்கு. கிலோமீட்டர் கூடும். ஆனா சாயங்கால விமானத்துக்கு ஊருக்குள்ள புகுந்து போறதைவிட இதுதான் நம்பகமானது.

---

பாலக்கோட்டார்

எல்லாரும் கிருஷ்ணகிரி வழியைப் பத்தியே பேசுறீங்க. தர்மபுரிக்காரங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. அதியமான்கோட்டையில் 44-ஐ விட்டுப் பிரிஞ்சு பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா ஓசூர். பழைய மாநில நெடுஞ்சாலை, இப்போ தேசிய நெடுஞ்சாலை 844. திட்டப்படி நெரலூரில் ஓசூர் ரோட்டோட சேரணும், அதாவது அத்திப்பள்ளியைத் தாண்டி. முழுசா ஓடினா ஓசூர் நகர நெரிசலைத் தவிர்க்கலாம்.

தூரமும் கிருஷ்ணகிரி வழியைவிடக் குறைவு, கிருஷ்ணகிரி டோலும் கிடையாது. தொப்பூர், சேலம் பக்கமிருந்து வர்ற கார்களுக்கும் இது பொருந்தும்.

ராத்திரியில் ஒரு எச்சரிக்கை. ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவில் சானமாவு காடு இருக்கு. கூட்டமா வர்ற யானைகள் ரோட்டைக் கடக்கும். ராகி அறுவடைக் காலத்தில் நடமாட்டம் அதிகம். அந்தச் சமயத்தில் வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தி வைப்பாங்க. ஹாரன் அடிக்காதீங்க, ஹெட்லைட்டை டிம் பண்ணிட்டு நில்லுங்க. இறங்கிப் படம் எடுக்கப் போகாதீங்க. 44-ல் பேரண்டப்பள்ளி பக்கமும் இதே நிலைமைதான். ரோடு அகலமா இருக்கிற தைரியத்தில் அங்க வேகமா போறாங்க, அது ரெண்டு உயிருக்கும் ஆபத்து.

---

மாங்கனி_லோடு

லாரி, பிக்கப் வண்டிக்காரங்களுக்கு என் பங்கு.

சிங்கேன அக்ரஹாரா பழச்சந்தைக்கு ஏத்துறவங்க உயர்மட்டச் சாலை பக்கமே போகக் கூடாது. ஹுஸ்கூர் கேட் வந்ததும் வலப்பக்கம் கடந்து உள்ள போகணும். அதனால ஹெப்பகோடி தாண்டினதும் கீழ் ரோட்டுக்கு வந்துடுங்க. எலக்ட்ரானிக் சிட்டி வந்துடுச்சுன்னா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்.

செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்லிகா மாதிரி சாப்பிடுற ரகங்கள்தான் பெரும்பாலும் அங்க போகும். பெங்களூரா ரகம் நம்ம மாவட்டத்துக் கூழ் ஆலைக்கே போயிடும். கிரேட்டில் அடுக்குறவங்க காகிதம் போட்டு, மேல் கிரேட் கீழ் காயை அழுத்தாத அளவுக்கு நிரப்பணும். கிரேட்டில் விளிம்பு தாண்டி ஒரு விரல் காய் நின்னாலும், சந்தாபுராவிலிருந்து ஹுஸ்கூர் வரைக்கும் பிரேக் போட்டுப் போட்டுப் போகும்போது அழுத்தி, சந்தையில் திறக்கும்போது கறுத்துப் போய் நிக்கும். தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டாதீங்க. முன்பக்கமும் பின்பக்கமும் காத்துப் போக வழி விடணும். வண்டி நெரிசலில் நிக்கிறப்போ காத்தோட்டம் இல்லாம உள்ள சூடு ஏறும், பழுக்க ஆரம்பிச்ச காய் கெட்டுடும்.

பில் விஷயம்: பதப்படுத்தாத புதுப் பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதனால இ-வே பில்லும் (சரக்கு ஏத்திப் போக ஆன்லைனில் எடுக்கிற சீட்டு) வேண்டாம். ஆனா என்ன சரக்கு, எத்தனை கிரேட், யார் அனுப்புறது, யாருக்குன்னு எழுதின ஒரு ரசீது கையில் இருக்கணும். கூழ் டின் ஏத்தினா கதை வேற, அதுக்கு வரி உண்டு. வாகனத்தோட பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூணும் நடப்பில் இருக்கணும்.

ஊருக்குள்ள கலாசிபாளையம், கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காய், பூ ஏத்துறவங்க விடியறதுக்கு முன்னாடி சில்க் போர்டைத் தாண்டிடணும். காலை, மாலை நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளை நகருக்குள்ள விட மாட்டாங்க. அந்த நேரத்தைப் போக்குவரத்துக் காவல் துறை அவ்வப்போது மாத்தும், கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. தடை நேரத்தில் மாட்டிக்கிட்டா ரோட்டோரம் நிறுத்தக் கூடாது. அத்திப்பள்ளிக்கு முன்னாடியே நிறுத்தி வைக்கிறதுதான் நல்லது.

---

கூடு_விவசாயி

பட்டுக்கூடு ராமநகரம் சந்தைக்குக் கொண்டு போறவங்களுக்கு எந்த வழி நல்லது? தர்மபுரி அங்காடியில் விலை இறங்குற சமயத்தில் இங்கிருந்து பலர் சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்புறாங்க.

---

நெடுஞ்சாலை_44

ராமநகரத்துக்கு நைஸ் ரோடுதான். ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் தொடங்கி பன்னேர்கட்டா ரோடு, கனகபுரா ரோடு, மைசூர் ரோடு, மாகடி ரோடு எல்லாத்தையும் தொட்டு துமகூரு ரோடு வரைக்கும் போகும். நகரத்தைத் தெற்கிலும் மேற்கிலும் சுத்துற ரோடு. நீங்க மைசூர் ரோடு வாயில் இறங்கி பிடதி வழியா ராமநகரம் போகணும்.

ரெண்டு இடத்தில் கவனம். ஒண்ணு, உயர்மட்டச் சாலையில் ஏறிட்டா நைஸ் ரோடு வாயைத் தாண்டி மேலே பறந்துடுவீங்க. கீழ் ரோட்டில் இடது ஓரமா வாங்க. ரெண்டாவது, மைசூர் ரோட்டிலும் இதே மாதிரி ஒரு முடிவு இருக்கு. புது விரைவுச்சாலையோட நடுத் தடத்தில் ஏறினா அது ராமநகரத்தை ஒதுக்கிட்டு பைபாஸா போயிடும். பழைய ரோட்டில் போனாதான் ஊருக்குள்ள நுழைய முடியும். மூணு சக்கர வண்டி, டூவீலர், டிராக்டருக்கு அந்த நடுத் தடத்தில் 2023 ஆகஸ்ட் முதல் அனுமதியே கிடையாது.

நைஸ் ரோடு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தோட ரோடு இல்லை, தனிக் கட்டணம். ஒவ்வொரு வாயிலும் தூரத்தைப் பொறுத்து மாறும். ஃபாஸ்டேக் இருந்தாலும் கையில் ரொக்கம் வெச்சுக்கங்க.

---

கூடு_விவசாயி

ரொம்ப நன்றி அண்ணா. கூடு ஏத்துறவங்களுக்கு நானும் ஒண்ணு சொல்லணும். புழு கூடு கட்ட ஆரம்பிச்சு அஞ்சாறு நாளில் அறுத்தாதான் உள்ள கூட்டுப்புழு கெட்டியா இருக்கும். முன்னாடியே அறுத்துட்டு இந்த நீள வழியில் அனுப்பினா குலுக்கலில் உள்ள புழு நசுங்கி, கூட்டில் கறை படிஞ்சிடும். அந்தக் கறைக்கூட்டை ஏலத்தில் தனியா ஒதுக்கிடுவாங்க. அதுக்காக ரொம்பத் தள்ளிப் போடவும் முடியாது, அந்துப்பூச்சி துளைச்சு வெளிய வந்தா கூடு போச்சு. காத்துப் போற துணிப்பையில் தளர்வா நிரப்புங்க, ஒண்ணு மேல ஒண்ணா அழுத்தி அடுக்காதீங்க. ராத்திரியே கிளம்பிடுங்க. பகல் வெயிலில் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மணி நேரம் நின்னா, சந்தையில் பேசுற தரமே மாறிடும்.

---

செவிலி_காவேரிப்பட்டணம்

ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்காக எழுதுறேன். இந்த ரோட்டை நம்ம மக்கள் அதிகமா பயன்படுத்துறது இதுக்காகத்தான்.

பொம்மசந்திராவில் இருக்கிற நாராயணா ஹெல்த் சிட்டி உயர்மட்டச் சாலைக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும். சந்தாபுரா தாண்டினதும் சர்வீஸ் ரோட்டுக்கு வந்துடுங்க. அங்க போறவங்க மேல் ரோட்டு டோல் கட்டவே வேண்டியதில்லை.

செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரி, சில்க் போர்டுக்கும் மடிவாளாவுக்கும் அந்தப் பக்கம், கோரமங்களாவை ஒட்டி. இதுக்கு மேலே ஏறலாம், சில்க் போர்டு மேம்பாலமும் ஏறலாம்.

ஜெயதேவா இருதய ஆஸ்பத்திரி பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கு. மேலே ஏறலாம், ஆனா சில்க் போர்டு மேம்பாலம் ஏறாம இடப்பக்கம். இப்போ மெட்ரோ ஸ்டேஷனும் ஆஸ்பத்திரி பேரிலேயே வந்துடுச்சு.

நிம்ஹான்ஸ், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை ரெண்டும் அடுத்தடுத்து, டெய்ரி சர்க்கிளைத் தாண்டி. சில்க் போர்டு மேம்பாலம் ஏறி, மடிவாளா தாண்டி, டெய்ரி சர்க்கிள்.

புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசை நிக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினா நெரிசல் தொடங்கும் முன்னாடி சேர்ந்துடலாம். 6 மணிக்குக் கிளம்பினா, ஓசூரிலிருந்து சில்க் போர்டு வரைக்குமான 30 சொச்சம் கிலோமீட்டருக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. பழைய ரிப்போர்ட், ஸ்கேன் படம், மாத்திரைச் சீட்டு, ஆதார் எல்லாத்தையும் ஒரே பையில் போட்டு, பின்சீட்டில் நோயாளியோட இருக்கிறவர் மடியில் வெச்சுக்கங்க. டிக்கியில் வெச்சா ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த விடாம விரட்டும்போது மறந்துடும்.

வாந்தி வர்ற நோயாளி, கீமோ முடிஞ்சு திரும்புறவங்க கூட இருந்தா மேல் ரோட்டைத் தேர்ந்தெடுங்க, காசைப் பார்க்காதீங்க. கீழ நின்னு நின்னு போறது அவங்களால தாங்க முடியாது. ஆனா மேலே வண்டியை ஓரம் கட்ட முடியாதுங்கிறதால ஏறும் முன்னாடியே தண்ணி, கவர், மாத்திரை எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி எடுத்து வெச்சிடுங்க.

---

அணைக்கரை_635001

அக்கா, பஸ்ஸில் போறவங்களுக்கு?

---

செவிலி_காவேரிப்பட்டணம்

பஸ்ஸில் ஏறும்போதே "மேல் ரோட்டில் போகுமா, கீழ போகுமா"ன்னு கண்டக்டர்கிட்டக் கேளுங்க. மேலே போற பஸ் எலக்ட்ரானிக் சிட்டியை விட்டா பொம்மனஹள்ளி வரைக்கும் நிக்காது. ஹொச ரோடு, கூட்லு கேட் இறங்க வேண்டியவங்க அதில் ஏறிட்டா சில்க் போர்டிலிருந்து பி.எம்.டி.சி. (பெங்களூர் டவுன் பஸ்) பஸ்ஸில் திரும்பி வரணும். 356-ல் தொடங்குற பஸ்கள் எல்லாம் இந்த ரோட்டில்தான் ஓடும். நிம்ஹான்ஸ் போறவங்க மடிவாளாவிலோ டெய்ரி சர்க்கிள் பக்கமோ இறங்கி ஆட்டோ பிடிச்சா போதும், கடைசி ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டாம்.

---

மஞ்சள்_தடம்

பஸ்ஸில் சில்க் போர்டு வரைக்கும் போகணும்னு கட்டாயம் இல்லைங்க. 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்த பிறகு கணக்கே மாறிடுச்சு. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரைக்கும் 19.15 கி.மீ., 16 ஸ்டேஷன். ஓசூர் ரோட்டு மேலேயே போய் சில்க் போர்டில் மேற்கே திரும்புது.

வரிசை: பொம்மசந்திரா, ஹெப்பகோடி, ஹுஸ்கூர் ரோடு, கோனப்பன அக்ரஹாரா, எலக்ட்ரானிக் சிட்டி, பெரட்டேன அக்ரஹாரா, ஹொச ரோடு, சிங்கசந்திரா, கூட்லு கேட், ஹொங்கசந்திரா, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு, பி.டி.எம். லேஅவுட், ஜெயதேவா, ராகிகுட்டா, ஆர்.வி. ரோடு.

ஆர்.வி. ரோட்டில் வெளிய வராமலே பச்சைத் தடத்துக்கு மாறலாம். ஜெயநகர், சவுத் எண்ட், லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், சிக்கபேட்டை, அடுத்தது மெஜஸ்டிக். டிக்கெட் எடுக்கும்போதே கடைசி ஸ்டேஷனுக்கு எடுத்துடுங்க, ஆர்.வி. ரோட்டுக்குத் தனியா, மெஜஸ்டிக்குத் தனியான்னு எடுக்க வேண்டாம்.

நம்ம ஊர் பஸ்ஸில் வந்து பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ மாறுறவங்களுக்கு சில்க் போர்டு நெரிசலே கிடையாது. திறந்த புதுசில் மூணே ரயில் வெச்சு 25 நிமிஷத்துக்கு ஒண்ணு விட்டாங்க, அதனால அப்போ பலர் வேண்டாம்னு விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் ரயில்கள் கூடியிருக்கு. அந்தப் பழைய அனுபவத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

நிம்ஹான்ஸுக்கு மட்டும் மெட்ரோவைப் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள் தடம், பச்சைத் தடம் ரெண்டுமே வாசல் வரைக்கும் போகாது, எப்படியும் ஆட்டோ வேணும். நடக்க முடியாத நோயாளியை ரெண்டு தடவை மாத்தி ஏத்தி இறக்குறது சரியில்லை.

---

பழையபேட்டை_டிரைவர்

தம்பி, அந்த மெட்ரோ ஓசூர் வரைக்கும் வரும்னு எல்லாரும் சொல்றாங்களே, நம்பலாமா?

---

மஞ்சள்_தடம்

ஆய்வு நடந்திருக்கு அண்ணா. ஆனா ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கு. பெங்களூர் மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிப் போற மூணாவது மின்தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுத்து ஓடுது. சென்னை மெட்ரோ தலைக்கு மேல கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். ஓசூர்ப் பகுதியை சென்னை முறையில் கட்டினா பொம்மசந்திராவில் ரயில் மாறியே ஆகணும். ஒரே ரயில் ஓடணும்னா பெங்களூர் முறையிலேயே கட்டணும். இது ரெண்டு மாநிலமும் உக்காந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஒரே ரயிலா ஓடுறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். எல்லையில் இறங்கி மாறுற கஷ்டத்தை பஸ்ஸிலேயே நாம போதுமான அளவு பட்டாச்சு.

---

பாலக்கோட்டார்

ரயிலையும் மறந்துடாதீங்க. தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம், ஓசூர் வழியா பெங்களூருக்கு ரயில் தடம் இருக்கு. ஓசூருக்கு அப்புறம் ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மெலாரம், பெல்லந்தூர் ரோடு, பையப்பனஹள்ளி. ஹீலலிகே இறங்கினா சந்தாபுரா பக்கம். கார்மெலாரம் இறங்கினா சர்ஜாபூர் ரோடு. வெளிவட்டச் சாலைக் கம்பெனிகளுக்குப் போறவங்களுக்கு இதைவிட நேர் வழி கிடையாது. எல்லா ரயிலும் எல்லா ஸ்டேஷனிலும் நிக்காது, பார்த்து ஏறணும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லைங்கிறதால அங்க இருக்கிறவங்களுக்கு இந்த வசதி இல்லை. மாவட்டத் தலைநகருக்கு ரயில் இல்லாதது பெரிய குறை.

---

டூவீலர்_சூளகிரி

டூவீலருக்கு மேல் ரோட்டில் அனுமதி உண்டா?

---

நெடுஞ்சாலை_44

உண்டு, கட்டணமும் உண்டு. ஆனா நான் கீழ போகத்தான் சொல்வேன். மேலே பக்கவாட்டுக் காத்து அதிகம், மழையில் இன்னும் மோசம். கார்கள் வேகமா போகும், ஒதுங்க ரோட்டோரத்தில் இடம் கிடையாது. அங்கங்கே சின்னதா ஒதுக்குப்புறம் விட்டிருக்காங்க, அது பழுதான வண்டிக்கு. அதில் வண்டியை நிறுத்திட்டு நின்னவங்க மேல கார் மோதி, ஆளே கீழ விழுந்து உயிர் போன விபத்து நடந்திருக்கு. போன் பேசவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம், மழைக்கு ரெயின்கோட் மாட்டவும் மேலே நிறுத்த வேண்டாம்.

---

மாங்கனி_லோடு

டோல் பத்தி யாரும் எழுதலை. கிருஷ்ணகிரியிலிருந்து காரில் மேல் ரோடு வழியா போனா மூணு இடத்தில் பணம் எடுக்கும்: கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, உயர்மட்டச் சாலை. கிளம்புறதுக்கு முன்னாடி மூணுக்கும் போதுமான இருப்பு இருக்கான்னு பாருங்க. கிருஷ்ணகிரியில் எடுத்த பிறகு இருப்புக் குறைஞ்சு, அத்திப்பள்ளியில் ஃபாஸ்டேக் வேலை செய்யாம நிக்கிறது அடிக்கடி நடக்குது. 2025 நவம்பர் 15 முதல் ஃபாஸ்டேக் செல்லலைன்னா யு.பி.ஐ.யில் ஒண்ணேகால் மடங்கு, ரொக்கமா கட்டினா ரெண்டு மடங்கு. 24 மணி நேரத்துக்குள்ள திரும்பினா, போக வர சேர்த்து ஒண்ணரை மடங்குதான். அது தானா கணக்காகும், குறுஞ்செய்தியைச் சரி பாருங்க.

---

பர்கூர்_வாசகி

மழை நாளில் எந்த வழி அண்ணா? போன வருஷம் அந்தப் பக்கம் தண்ணி நின்னு எல்லாரும் மாட்டினாங்களே.

---

பழையபேட்டை_டிரைவர்

சில்க் போர்டு, ரூபேன அக்ரஹாரா ரெண்டும் பள்ளம்மா. மடிவாளா ஏரி நிரம்பினா தண்ணி அகரா ஏரிக்குப் போகணும், அந்த வழியில்தான் இந்த ரோடு குறுக்க நிக்குது. கால்வாய் தாங்காதப்போ தண்ணி ரோட்டில் ஏறும். 2025 மே மாத மழையில் கீழ தண்ணி நின்னதால மேல் ரோட்டையும் மூட வேண்டியதாச்சு. மேலே தண்ணி நிக்காதுதான், ஆனா இறங்க இடம் வேணுமே. கனமழை எச்சரிக்கை இருந்தா மேலே ஏறவே ஏறாதீங்க. ஏறி மாட்டிக்கிட்டா முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் வர முடியாது. கீழ் ரோட்டில் இருந்தா கூட்லு கேட், ஹொச ரோடுன்னு எங்கயாவது விலகிடலாம். அன்னிக்கு மட்டும் வண்டியை ஓசூரில் விட்டுட்டு, பஸ்ஸில் பொம்மசந்திரா, அங்கிருந்து மெட்ரோ.

---

அணைக்கரை_635001

எல்லாருக்கும் நன்றி. திரும்பி வரும்போது மட்டும் ஒரு சந்தேகம். சாயங்காலம் சில்க் போர்டிலிருந்து கிருஷ்ணகிரி வர்றவங்க எங்க ஏறணும்?

---

நெடுஞ்சாலை_44

மடிவாளாவிலிருந்து வந்தா சில்க் போர்டு மேம்பாலம் மேலேயே வந்து, இறங்கினதும் வலது தடத்திலேயே இருங்க. பொம்மனஹள்ளி பக்கம் உயர்மட்டச் சாலை ஏறும். ராகிகுட்டா, ஜெயதேவா பக்கமிருந்து வந்தா மெட்ரோவுக்குக் கீழ ஒரு அடுக்கா கட்டின இரட்டை மாடி மேம்பாலத்தைப் பிடிங்க. 3.3 கி.மீ., ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வர்ற கை 2024 ஜூலையில் திறந்தது. பி.டி.எம். சிக்னல் எல்லாம் தப்பிடும். அதிலும் பிரியுற இடத்தில் பலகையைப் பார்த்து ஓசூர் ரோடு கையைப் பிடிக்கணும், இல்லைன்னா எச்.எஸ்.ஆர். பக்கம் கொண்டு போய் விட்டுடும்.

உயர்மட்டச் சாலை முடியும் முன்னாடி எலக்ட்ரானிக் சிட்டிக்கு இறங்குற கை தனியா பிரியும். இடது ஓரத்தில் வந்தா அதில் இழுத்துட்டுப் போயிடும், வலது தடத்தில் நேரா வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள்னா சந்தாபுராவிலிருந்து ஓசூர் வரைக்கும் நிக்கும். அன்னிக்கு மதியம் 2 மணிக்குள்ள சில்க் போர்டைத் தாண்டிடுங்க, இல்லைன்னா ராத்திரி 10-க்கு மேல கிளம்புங்க.